வியாழக்கிழமை வெளிநாட்டு நிபுணர்

பிஜி நாட்டின் லாமியில், தலைநகர் சுவாவுக்குச் செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்தில், கட்டிலும் நாற்காலியும் செய்கின்ற பட்டறை ஒன்றின் மேல்மாடியில், பெருங்கடல் குழந்தைகள் எலும்பு அறுவை உயர்பயிற்சிக் கழகம் நடைபெற்றுவந்தது. கீழே ரம்பம் மரத்தை அறுக்கும் ஒலி மேலே நன்றாகக் கேட்கும். முதன்முறை வருகின்ற தாய்மார்கள் அவ்வொலி மாடியிலிருந்துதான் வருகிறது என்று எண்ணிப் பாதிப் படிக்கட்டிலேயே நின்றுவிடுவதுண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டில் ஆட்சி இரண்டு முறை கவிழ்ந்து, நாட்டிலிருந்த மருத்துவர்களில் பலர் விமானம் ஏறிச் சென்றுவிட்ட பின்னர், எஞ்சியவர்களைத் தக்கவைப்பதற்கென்றே இக்கழகம் நிறுவப்பட்டது. உயர்பயிற்சி இங்கே கிடையாமையால்தான் மருத்துவர் வெளியேறுகின்றனர்; அதனை இங்கேயே அளித்தால் இங்கேயே இருந்துவிடுவர் என்பது நிறுவியவர்களின் துணிபு. பதின்மூன்று ஆண்டுகளில் பதினொரு மருத்துவர்கள் பயிற்சி பெற்றனர். பதினொருவரும் வெளிநாடு சென்றனர்.

கழகம் இதனை மறைக்கவில்லை. கூடத்துச் சுவரில் பெரியதோர் உலகப் படத்தை மாட்டி, ஒவ்வொருவரும் சென்று சேர்ந்த ஊரில் சிவப்புக் குண்டூசி ஒன்றைக் குத்திவைத்திருந்தது. ஆக்லாந்தில் நான்கு, சிட்னியில் மூன்று, பிரிஸ்பேனில் இரண்டு, வான்கூவரில் இரண்டு. அப்படத்தை அச்சிட்டவர்கள் உலகத்தைப் பெருங்கடலின் நடுவே வெட்டியிருந்தமையால், பிஜித் தீவுகள் படத்தின் வலப்பக்க ஓரத்தில் அமைந்திருந்தன. சட்டம் போட்ட தச்சர் அவ்வோரத்தை உள்ளே மடித்து ஆணி அடித்துவிட்டார். ஆகவே, கழகத்தின் உலகப் படத்தில் எல்லா நாடுகளும் இருந்தன. பிஜி மட்டும் சட்டத்துக்குள் இருந்தது.

தலைவர் டாக்டர் யோகேந்திரா இளமையில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்தவர். பிற்பாடு கூட்டங்களில் தேர்ச்சி பெற்றார். ஆண்டுதோறும் அந்தப் படத்தின் கீழே நின்று அவர் ஆற்றும் உரையில் ஒரு பகுதி மாறுவதில்லை.

“நம்மிடம் பயின்றவர்களை உலகமே விரும்பி அழைத்துக்கொள்கிறது. இங்கேயே தங்கிவிட்டவர் ஒருவரேனும் உண்டா? இல்லை. தோல்வியென்று சொல்ல ஒன்றுகூட இல்லாத நிறுவனம் இத்தீவுகளில் நம்முடையதுதான்.”

பாடத்திட்டமும் அந்தத் தரத்துக்கு ஏற்றதாகவே இருந்தது. பனிச்சறுக்கில் முறிந்த காலைப் பொருத்துவதற்குப் பன்னிரண்டு வாரங்கள். உறைந்த ஏரியின்மேல் வழுக்கி விழுந்த குழந்தைகளுக்கு நான்கு வாரங்கள். மாமரத்திலிருந்து விழுந்து முழங்கையை முறித்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பாடத்தில் இடமில்லை. பிள்ளைகள் இதனை அறியாமல் மாம்பழப் பருவந்தோறும் வந்துகொண்டேயிருந்தனர்.

இக்கழகத்தில் பன்னிரண்டாவதாகப் பயிற்சிக்குச் சேர்ந்தவர் டாக்டர் சரளா. வயது முப்பத்துமூன்று. சுவா நகரின் சமபுலாவில் பிறந்து, அங்கேயே பள்ளியில் படித்து, அங்கேயே குடியிருந்தவர். கெட்டிக்காரர், நேரம் தவறாதவர், கை சுத்தமானவர். அவரிடம் இருந்த குறை ஒன்றே ஒன்று: அவரிடம் கடவுச்சீட்டு இல்லை. வாங்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

“விசா வர்லியா, பாவம்?” என்று சமபுலாவில் பேருந்துக்கு நிற்கும்போது தெரிந்த பெண்மணிகள் கேட்பர்.

“கேக்கவே இல்ல, அக்கா.”

“பரவால்ல, மனச தளர விடாத,” என்று அவர்கள் ஆறுதல் கூறிச் செல்வர்.

சரளாவுக்குப் பிடித்த நாள் வியாழக்கிழமை. அன்றைக்குத்தான் கோணற்பாதத்தோடு பிறந்த குழந்தைகள் வருவர். அத்தகைய குழந்தையின் பாதம் உள்ளே மடிந்து, உள்ளங்கால் மேலே பார்த்தவாறு இருக்கும். பாதத்தை விரல்களால் மெல்லத் திருப்பிப் பிடித்து மாவுக்கட்டுப் போடவேண்டும். அடுத்த வாரம் கட்டை நனைத்துப் பிரித்து, இன்னும் சிறிது திருப்பி மறுபடியும் போடவேண்டும். ஐந்தாறு வாரங்களில் பாதம் நேராகும். கடைசியில் குதிகாலின் பின்னே உள்ள நாணை ஒரு மெல்லிய கத்தியால் வெட்டிவிட்டால் குதிகால் கீழே இறங்கும். வெட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். நாண் தானே மீண்டும் வளர்ந்து கூடிக்கொள்ளும்.

அந்தக் கத்தியை எடுக்கத்தான் விதி இருந்தது. கழகத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்றவர் எடுக்கலாம். பெறாதவர், மேற்பார்வையாளர் அருகில் இருந்தால் எடுக்கலாம். மேற்பார்வையாளர் டாக்டர் ரவீந்திராவை அருகில் வைத்துக்கொண்டு சரளா முப்பத்தெட்டு முறை நாண் வெட்டியிருந்தார். அவற்றுள் கடைசி இருபது முறை, அருகில் என்பது அடுத்த அறையில் தொலைபேசியோடு என்று பொருள்பட்டது.

இரண்டாயிரமாம் ஆண்டு மே மாதத்தில் ஆட்சி மறுபடியும் கவிழ்ந்தது. தூதரகங்களின் வாசலில் வரிசைகள் நீண்டன. செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் ரவீந்திரா, “திங்கட்கிழமை பார்ப்போம்” என்று சொல்லிச் சென்றார். எந்தத் திங்கட்கிழமை என்று குறிப்பிடவில்லை. பிரிஸ்பேனில் இரண்டாவது ஊசி குத்தப்பட்டது அப்பொழுதுதான்.

நவம்பரில் வெளிநாட்டு நிபுணர் ஒருவர் இரண்டு நாள் வருகை புரிந்தார். மாலைகள் போடப்பட்டன, யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்து, தனோவா என்னும் மரப்பாத்திரத்தில் வார்த்து, கைதட்டி வழங்கப்பட்டது. அறுவை அறை அந்தக் கணமே திறந்துவிடப்பட்டது. காத்திருந்த குழந்தைகள் அனைவருக்கும் அவர் நாண் வெட்டிச் சென்றார். அடுத்த நிபுணர் ஆகஸ்டு மாதத்தில் வருவார் என்று பலகையில் எழுதப்பட்டது.

ரோஷ்னி ஜனவரியில் பிறந்தாள். தந்தை பல்ராம் லவுத்தோக்காவுக்கு அப்பால் கரும்பு பயிரிடுபவர், தாய் அஞ்சீதா. குழந்தையின் வலது பாதம் உள்ளே மடிந்திருந்தது. அவர்கள் வியாழன்தோறும் விடிவதற்கு முன் முதல் பேருந்தில் ஏறி, ஐந்து மணி நேரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு லாமிக்கு வந்தனர். பல்ராமும் அஞ்சீதாவும் பேசியதெல்லாம் பிஜி இந்தியில்தான். வாசகர் பொருட்டு அது தமிழில் தரப்படுகிறது.

மார்ச்சு மாதத்தில் ஐந்தாவது கட்டைப் போட்டு முடித்த அன்று சரளா கைகழுவிக்கொண்டே சொன்னார்: “அடுத்த வியாழன் நாண வெட்டிடணும்.”

“நேராத்தானே இருக்கு, டாக்டர்ஜி? இன்னும் எதுக்கு வெட்டணும்?” என்று அஞ்சீதா கேட்டாள்.

“பாதம் நேரா வந்திருச்சு, தங்கச்சி. குதிகால் எறங்கல. வெட்டாம இன்னும் ரெண்டு வாரம் கட்டுல வச்சிருக்கலாம். அதுக்கு மேல விட்டா மறுபடி மடங்க ஆரம்பிக்கும். கொழந்த விரல ஊனித்தான் நடக்கும்.”

“அப்ப வெட்டுங்க,” என்றார் பல்ராம்.

சரளா துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். மாவுக்கட்டுப் போடுவதில் முப்பதாண்டுப் பழக்கம் உடைய அப்பல்சாமிதான் வாளியைக் கழுவியவாறே சொன்னார்: “அவங்க வெட்டக்கூடாது. வெட்டக்கூடியவங்க எல்லாம் அந்தச் சொவத்துல இருக்காங்க, பாருங்க, செவப்பா.”

பல்ராம் படத்தைப் பார்த்தார். “அடுத்த வெளிநாட்டு டாக்டர் எப்ப வராரு?”

“ஆகஸ்டு.”

“ஆகஸ்டுல கரும்பு வெட்டே பாதி முடிஞ்சிருக்கும், அண்ணே.”

“கரும்புக்குத் தெரியும், எப்ப வெட்டணும்னு. அதுக்குக் கழகம் கெடையாது,” என்றார் அப்பல்சாமி.

சரளா அன்று பிற்பகலே தகுதிச் சான்றிதழுக்கான விண்ணப்பப் படிவத்தை நிரப்பினார். தேர்வுகள் அனைத்தையும் அவர் முன்பே முடித்திருந்தார். சான்றிதழ் கையில் வந்துவிட்டால், அடுத்த வியாழக்கிழமை கத்தியை எடுக்க எவருடைய அருகாமையும் தேவையில்லை.

செயலாளர் சுஷீலா படிவத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து படித்தார். விதிநூல் முழுவதையும் மனப்பாடமாக அறிந்த அம்மையார் அவர். பதினான்காம் கட்டத்தில் அவருடைய விரல் நின்றது. ‘குடியேறவிருக்கும் நாடு’ என்ற கேள்விக்கு எதிரே சரளா ‘பிஜி’ என்று எழுதியிருந்தார்.

“இதுல நாட்டோட பேரு வேணும், சரளா.”

“பிஜி நாடுதானே, மேடம்?”

“அது பொறப்படற எடம். இதுல போய்ச் சேர்ற எடத்தக் கேக்கறாங்க.”

“நான் எங்கயும் போகலியே.”

சுஷீலா கண்ணாடியைக் கழற்றினார். “யாருகிட்டயாவது சொன்னியா இத?”

“மறைக்கணுமா?”

“தலைவரு காதுல போட்டுத்தான் ஆகணும். இந்த மாதிரி வந்ததே இல்ல.”

தலைவர் அன்றே இருவரையும் அழைத்தார். முகத்தில் சினம் இல்லை, கவலைதான் இருந்தது.

“டாக்டர் சரளா, உங்களை எங்கேயும் எடுத்துக்கொள்ளவில்லையா?”

“நான் விண்ணப்பிக்கவில்லை, ஐயா.”

“அப்படியென்றால் உங்கள் பயிற்சியில் எங்கோ குறை நேர்ந்திருக்கிறது. சற்றே எண்ணிப்பாருங்கள். இக்கழகம் மருத்துவரைத் தக்கவைப்பதற்கென்றே தோன்றியது. தக்கவைக்கத் தகுதியுடையவரைத் தக்கவைக்க யாராலும் முடியாது. தக்கவைக்க முடிந்தவரோ தகுதியற்றவர். தகுதியற்றவருக்குச் சான்றிதழ் எப்படி வழங்குவது?”

சரளா சற்றே எண்ணிப்பார்த்தார். பிறகு, “வியாழக்கிழமை ஒரு குழந்தைக்கு நாண் வெட்டவேண்டும், ஐயா” என்றார்.

“இளமையில் நானும் அப்படித்தான் இருந்தேன்,” என்று தலைவர் பரிவோடு கூறினார். “நாளடைவில் சரியாகிவிட்டது.”

இறுதியில் சுஷீலா அம்மையாரே ஒரு வழி சொன்னார். பதினான்காம் கட்டத்தில் அச்சிட்ட பட்டியலின் கடைசியில் ‘பிற நாடு’ என்று ஒன்று இருந்தது. பட்டியலில் இல்லாத நாடெல்லாம் பிற நாடே. பிஜியும் பட்டியலில் இல்லை. தட்டச்சில் ‘பிற நாடு’ என்று அடிக்கப்பட்டது. தலைவர் நிம்மதியோடு கையொப்பமிட்டு, பட்டமளிப்பு விழாவை வரும் சனிக்கிழமைக்கு வைத்தார்.

கழகத்தின் பட்டமளிப்பு விழா நாந்தி விமான நிலையத்தில் நடைபெறும். தொடக்கத்தில் லாமிக் கூடத்தில்தான் நடத்திவந்தனர். ஆனால் மூன்றாவது பட்டதாரி விழாவுக்கு நான்கு நாள் முன்பே பறந்துவிட்டார். தலைவர் வெற்று நாற்காலிக்கு மாலையிட்டு முப்பது நிமிடம் வாழ்த்தவேண்டியதாயிற்று. அன்றுமுதல் சான்றிதழை விமான நிலையத்தில், பயணிகள் உள்ளே போகும் கதவுக்கு ஓரடி முன்பாகக் கொடுப்பது வழக்கமாயிற்று. அதற்கும் முன்னதாகக் கொடுத்தால் சான்றிதழோடு யார் எங்கே போவார் என்று சொல்ல இயலாது என்பர்.

சனிக்கிழமை காலையில் வாடகை வேன் லாமியிலிருந்து புறப்பட்டது. தலைவர், சுஷீலா, அப்பல்சாமி, தாதி மேரியோனி, சரளா, தனோவா, பாய், மாலைகள். சரளா கைப்பை ஒன்றை மட்டும் வைத்திருந்தார். மேரியோனி அதைப் பார்த்துவிட்டு, “பெட்டியெல்லாம் முன்னாடியே அனுப்பிட்டீங்களா, டாக்டர்?” என்று கேட்டாள்.

“நான் போகல, மேரியோனி. சான்றிதழ வாங்கிட்டு உங்களோடயே திரும்பி வரேன்.”

“எல்லாரும் அழாம இருக்கத்தான் இப்படிச் சொல்வாங்க,” என்று கூறி மேரியோனி அழத் தொடங்கினாள்.

கதவின் முன்னே பாய் விரிக்கப்பட்டது. யங்கோனா வழங்கப்பட்டது. மலர்களும் இலைகளும் சேர்த்துக் கட்டிய சலுசலு மாலை சரளாவின் கழுத்தில் விழுந்தது. தலைவர் உரையாற்றினார். எங்கே சென்றாலும் பிறந்த மண்ணை மறவாதிருக்கும்படி சரளாவைக் கேட்டுக்கொண்டார். பிறந்த மண்ணின் சார்பில் தாமும் அவரை மறவாதிருப்பதாக வாக்களித்தார். பிறகு சான்றிதழைக் கொடுத்தார். அனைவரும் கை அசைத்தனர்.

சரளாவும் கை அசைத்தார். அவர்கள் நிறுத்தவில்லை. அவர் உள்ளே சென்றால்தான் விழா முடியும் என்று அப்பொழுதுதான் அவருக்கு விளங்கியது. எனவே கதவண்டை சென்றார்.

“டிக்கெட்?” என்றார் காவலர்.

“இல்லை.”

“அப்ப எதுக்கு இங்க வந்தீங்க?”

“பட்டம் வாங்க.”

காவலர் இதுபோலப் பலரையும் பார்த்தவர்போலத் தலையசைத்து ஒதுங்கி நிற்கச் சொன்னார். சரளா திரும்பி வந்தபோது கழகத்தார் வேனில் ஏறிக்கொண்டிருந்தனர். அவருடைய இருக்கையில் தனோவா பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தது. போகும்போது மருத்துவரும் வரும்போது மரப்பாத்திரமும் அமரும் இருக்கை அது. எட்டு முறை அப்படியே நடந்திருந்தது. தலைவர் சன்னல் வழியே அவரைக் கண்டார், கண்ணைத் துடைத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். விடைபெற்றவர் மறுபடி எதிரே வந்து நிற்பது நாகரிகமன்று என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. வேன் சென்றது. சரளா மாலையோடு பேருந்தில் ஊர் திரும்பினார். நடத்துநர், “வெல்கம் ஹோம், மேடம். எந்த ஊர்லேருந்து?” என்று அன்போடு விசாரித்தார்.

திங்கட்கிழமை காலையில் சான்றிதழை எடுத்துக்கொண்டு அவர் லாமிப் படிக்கட்டில் ஏறினார். அவருடைய மேலங்கி மாட்டும் ஆணியில் பெயர் இல்லை. பணியாளர் பலகையிலும் இல்லை. உலகப் படத்தின் வலப்பக்கத்தில், கடல் முடிந்து சட்டம் தொடங்கும் இடத்தில், மரத்தின்மேலேயே பன்னிரண்டாவது சிவப்பு ஊசி குத்தியிருந்தது.

“பிற நாட்டுக்கு எடம் தேடினேன்,” என்றார் சுஷீலா. “வேற எங்கயும் காலியா இல்ல.”

“மேடம், நான் வந்துட்டேன்.”

“தெரியுது. ஆனா கோப்புல குடிபெயர்ந்தார்னு முத்திர விழுந்திருச்சு. சனிக்கிழமையே குத்திட்டேன், நான் எதையும் நிலுவைல வைக்கறதில்ல. குடிபெயர்ந்தவங்க பேரப் பட்டியல்ல திரும்பச் சேக்க விதி இல்ல. புதுசா விளம்பரம் போட்டு, மனு வாங்கி, நேர்காணல் வச்சு எடுக்கணும். எட்டு மாசம் ஆகும்.”

“வியாழக்கிழமை ரோஷ்னி வரா.”

சுஷீலா அம்மையார் மேசையைப் பார்த்தார். ரோஷ்னியின் கட்டுகளைக் குறித்துவைக்கும் அட்டையும் அவருடைய மேசைமேல்தான் இருந்தது. ஐந்து கட்டங்களில் குறி இருந்தது. ஆறாவது கட்டம் வெறுமையாக இருந்தது. வெறுமையான கட்டத்தை அவரால் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க இயலாது.

அப்பல்சாமி கதவில் சாய்ந்தவாறு சொன்னார்: “டாக்டரம்மா, நீங்க உள்ளூரா இருந்தப்ப ஒரு கத்திய எடுக்க விடல. இப்ப வெளியூரு. நவம்பர்ல அந்த வெளியூரு டாக்டருக்கு அலமாரியையே தூக்கிக் குடுத்தாங்க.”

சுஷீலா நிமிர்ந்தார். “இருபத்தேழாம் விதி,” என்றார் மெதுவாக. “கழகத்தின் சான்றிதழ் பெற்று வெளிநாட்டில் குடியேறியவர், தாயகத்துக்கு வருகை புரியுங்கால், அன்றைய தினமே அறுவை அறையும் உதவியாளரும் அவருக்கு அளிக்கப்படும். வருகை ஒவ்வொன்றும் ஒரு நாளுக்கு மிகாது. வருகைகளுக்கு வரம்பு இல்லை.”

“நான் சமபுலாவுலதான் இருக்கேன், மேடம்.”

“கோப்புல அப்படி இல்ல. ஆனா முன்கூட்டிக் கடிதம் வரணும். வெளியிலேருந்து வரணும்.”

“வெளிநாட்டிலேருந்தா?”

சுஷீலா விதிநூலைத் திறந்து ஒருமுறை சரிபார்த்தார். “வெளியிலிருந்து என்றுதான் இருக்கு.”

சரளா கீழே இறங்கி, பட்டறையில் பாதி முடிந்த கட்டில் ஒன்றின்மேல் தாளை வைத்து, தாம் வியாழக்கிழமை வருகை புரிய விரும்புவதாக எழுதி, மேலே கொண்டுவந்து கொடுத்தார். அதில் சிறிது மரத்தூள் ஒட்டியிருந்தது. சுஷீலா தூளைத் தட்டிவிட்டு ‘வெளியிலிருந்து வந்த தபால்’ பதிவேட்டில் ஏற்றினார். தலைவர் கடிதத்தைப் படித்துவிட்டு மனம் உருகினார் என்றும், போன பிறகும் எழுதிய முதல் ஆள் இவர்தான் என்றும் பின்னர் தெரியவந்தது.

இன்னும் ஒரு சிக்கல் எஞ்சியது. வருகை புரியும் நிபுணர்கள் நாந்தியிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து வருவர். வரவேற்புக் குழு மாலையோடு மேற்கு நோக்கியே நிற்கும். சமபுலாவிலிருந்து வரும் பேருந்தோ கிழக்கிலிருந்து வரும். குழுவைத் திரும்பி நிற்கச் சொல்வதற்குத் தீர்மானம் வேண்டும். ஆகவே வியாழக்கிழமை காலையில் சரளா லாமியைக் கடந்து நான்காவது நிறுத்தம்வரை சென்று, இறங்கி, சாலையின் மறுபக்கத்தில் நின்று, லவுத்தோக்காவிலிருந்து வரும் பேருந்தைக் கை காட்டி நிறுத்தி ஏறினார்.

அதில் பல்ராமும் அஞ்சீதாவும் குழந்தையோடு அமர்ந்திருந்தனர்.

“டாக்டர்ஜி, நீங்க எங்க இந்தப் பக்கம்?”

“வெளிநாட்டிலேருந்து வரேன்,” என்றார் சரளா. குழந்தையின் கட்டிலிருந்து வெளியே தெரிந்த ஐந்து விரல்களையும் தொட்டுப் பார்த்தார். விரல்கள் இளஞ்சிவப்பாக, சூடாக இருந்தன. “பால் குடுத்து எவ்வளவு நேரம் ஆச்சு?”

“நாவுவாவுல பஸ் நின்னப்ப குடுத்தேன். இப்பப் பசிக்கும்.”

“பசிக்கட்டும். வெட்டினதும் குடுக்கலாம், அழுகைய நிறுத்திடுவா.”

பல்ராம் குழந்தையின் துணியைச் சரிசெய்தார். “எங்க மாமா பசங்க எல்லாம் போயிட்டாங்க,” என்றார். “எங்க நெலத்துக்கும் குத்தகை முடியுது. நாங்களும் போகணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எனக்கு ஒண்ணுதான். எங்க போனாலும் இவ நடந்து போகணும்.”

பேருந்து லாமியில் நின்றது. மேரியோனி சலுசலு மாலையை நீட்டினாள். சனிக்கிழமை போட்ட அதே மாலைதான், தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். இம்முறை அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். தலைவர் இரண்டு கைகளாலும் சரளாவின் கையைப் பற்றினார்.

“வருக, வருக. நீங்கள் சென்ற பின்னர் இங்கே எவ்வளவோ மாறிவிட்டது.”

“ஐந்து நாள்தானே ஆயிற்று, ஐயா?”

“காலம் ஓடுகிறது. அங்கே குளிர் எப்படி?”

“சமபுலாவில் மழை, ஐயா.”

“மழையோடு போயிற்றே,” என்று தலைவர் மகிழ்ந்தார்.

கூடத்தில் அனைவரும் அமர்ந்தனர். தலைவர் பன்னிரண்டு பக்க வரவேற்புரையைப் பிரித்தார். நம் நாட்டு மருத்துவர் நம் நாட்டிலேயே இருந்தால் நாம் அவர்களுடைய அருமையை அறிவதில்லை என்று தொடங்கினார். நல்ல மருத்துவர் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது அவருக்கு ஒரு கத்தியைக் கூடக் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை என்றும், கடல் கடந்தவரென்றால் அறையையே திறந்துவிடுகிறோம் என்றும், இப்பண்பினாலேயே கழகம் வளர்கிறது என்றும் அவர் விளக்கினார். ரோஷ்னி அழத் தொடங்கினாள். பசிதான். அப்பல்சாமி அவளுடைய ஐந்தாவது கட்டை முன்பே நனைத்துப் பிரித்திருந்தார். வெறுங்காலை உதைத்து உதைத்து அழுதாள்.

மூன்றாம் பக்கத்தில் தலைவர் கண்ணாடியைத் துடைக்க நின்றார். சரளா எழுந்து, “வெளிநாட்டில் நிபுணர்கள் உரைக்கு நடுவில் கைகழுவச் செல்வது வழக்கம், ஐயா” என்றார்.

“அப்படியா? நாமும் அதனைப் பின்பற்றலாமே,” என்று தலைவர் குறித்துக்கொண்டார்.

அறுவை அறைக்கும் கூடத்துக்கும் நடுவே பலகைத் தடுப்பு ஒன்றுதான். உரை தெளிவாகக் கேட்டது. மேரியோனி குழந்தையைப் பிடித்துக்கொண்டாள். அப்பல்சாமி பாதத்தை உயர்த்திப் பிடித்தார். மரத்துப்போக ஒரு சிறிய ஊசி. சரளா கட்டைவிரலால் நாணைத் தடவி இடம் பார்த்தார். கீழே பட்டறையில் ரம்பம் நின்றிருந்தது.

கத்தி உள்ளே சென்றது. நாண் விட்டுக்கொடுக்கும் அந்தச் சிறு துள்ளலை விரல் உணர்ந்தது. அப்பல்சாமியின் கையில் இருந்த பாதம், கதவின் தாழ் விலகியதுபோல மேலே வந்தது; குதிகால் இறங்கியது. தடுப்புக்கு அப்பால் தலைவர், அறுவை மருத்துவம் என்பது பொறுமையின் கலை என்னும் ஐந்தாம் பக்கத்தில் இருந்தார்.

அப்பல்சாமி ஆறாவது கட்டைப் போட்டு முடித்தபோது ஒன்பதாம் பக்கம். அஞ்சீதா தடுப்போரமாக அமர்ந்து பால் கொடுத்தபோது பத்தாம் பக்கம். பன்னிரண்டாம் பக்கம் முடிந்து அனைவரும் கைதட்டிய வேளையில் ரோஷ்னி உறங்கிவிட்டிருந்தாள். சுஷீலா அம்மையார் அட்டையை எடுத்து ஆறாவது கட்டத்தில் குறியிட்டார். மையை ஊதி உலர்த்தினார்.

“மறுபடியும் எப்பொழுது வருவீர்கள்?” என்று வழியனுப்பும்போது தலைவர் கேட்டார்.

“அடுத்த வியாழக்கிழமை, ஐயா.”

அவ்வாறே வந்தார். மற்ற நாள்களில் சமபுலாவில் ஒரு சிறிய மருத்துவகத்தில் காய்ச்சலும் இருமலும் பார்த்தார். வியாழன்தோறும் கிழக்கிலிருந்து புறப்பட்டு, லாமியைத் தாண்டிச் சென்று, மேற்கிலிருந்து வந்தார். ஆண்டறிக்கையில், வெளிநாட்டு நிபுணர் வருகை சென்ற ஆண்டில் ஒன்றாக இருந்தது இவ்வாண்டில் நாற்பத்தொன்றாக உயர்ந்தது என்று பெருமையோடு அச்சிட்டனர். மேற்பார்வையாளர் பதவிக்கு விளம்பரமும் போட்டனர். அதற்கு மனுச் செய்த சரளாவுக்கு, வெளிநாட்டில் குடியிருப்பவரை எடுப்பதற்கில்லை என்று சமபுலா முகவரிக்கு மறுமொழி வந்தது.

மறு ஆண்டு மே மாதத்துப் பொதுக்கூட்டம், தலைவரின் வசதிக்காக, ஒரு வியாழக்கிழமையில் கூடியது. பல்ராமும் அஞ்சீதாவும் ரோஷ்னியின் பாதம் மறுபடி மடங்காதிருக்க இரவில் மாட்டும் காலணியை மாற்ற வந்தவர்கள் கடைசி வரிசையில் அமர்த்தப்பட்டனர். சரளா படத்துக்குப் பக்கத்தில், மாலையோடு, சிறப்பு விருந்தினர் நாற்காலியில் இருந்தார். தலைவர் எழுந்து, கழகத்தின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து கூறலானார்.

அவர் எண்பத்தெட்டாம் ஆண்டுக்கு வந்தபோது அஞ்சீதாவின் மடியிலிருந்து ரோஷ்னி இறங்கினாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை விட்டாள்.

அஞ்சீதா கையை நீட்டினாள். பல்ராம் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மரப் பலகைத் தரையில் அவளுடைய காலடி ஒவ்வொன்றும் கேட்டது. இடது, வலது, இடது. வலது குதிகால் ஒவ்வொரு முறையும் முழுதாகத் தரையில் பதிந்து ஒலித்தது. அப்பல்சாமி அந்தக் காலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. இரு வரிசைகளுக்கு நடுவே நேரே வந்து, தலைவரின் மேசையைச் சுற்றிக்கொண்டு, சரளாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்தாள்.

தலைவர் எண்பத்தெட்டிலேயே நின்றுவிட்டார். சுஷீலா அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நடந்ததை நடந்தபடி எழுதுவதே விதி. அன்றைய குறிப்பு இன்றும் அங்கே இருக்கிறது:

‘தலைவர் உரை. இடையூறு: ஒரு குழந்தை நடந்தது.’